புதன்கிழமை வந்த அம்மா

நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலை அவளுக்கு. திங்கள் விடியலில் விமானம் ஏறினால் வெள்ளி இரவுதான் வீடு. இந்த வாரம் அதிசயமாக, "மீதியை நாங்க பாத்துக்கறோம், கிளம்புங்க மேடம்" என்று குழுவே அவளைத் துரத்திவிட்டது. புதன்கிழமை நாலு மணி வெயிலில், கழுத்தில் தொங்கும் அலுவலக அடையாள அட்டையைக் கழற்றக்கூட மறந்து, பள்ளி வாசலில் நிற்கிறாள். மணி அடிக்கிறது. முதலில் இரைச்சல் வெளியே வருகிறது, அப்புறம்தான் பிள்ளைகள். ஒரு பக்கப் பின்னல் அவிழ்ந்து தொங்க, அப்பாவைத் தேடிக்கொண்டு வரும் மகள் அம்மாவைக் கண்டு அப்படியே நிற்கிறாள். "அம்மா! இன்னைக்கு புதன்தானே?" "ஆமாடி தங்கம்." மகள் கண்ணைச் சுருக்கி யோசிக்கிறாள். சட்டென்று முகம் மலர, தோழிகள் பக்கம் திரும்பிக் கத்துகிறாள்: "ஏய், எங்கம்மாவுக்கு வேலை போயிடுச்சுடி! ஜாலி!" வாசலில் நிற்கிற அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தபடி மகளை வாரி எடுக்கிறாள்.