திட்டுத் திட்டாய் ஒரு சுவர்

"பிரதர், இதுக்கா உங்களைக் கடல் தாண்டிக் கூட்டிட்டு வந்தோம்?"

குழுத் தலைவர் சத்தம் போடவில்லை. சபையில் ஜெபம் பண்ணுகிற அதே மெதுவான குரலில்தான் கேட்டார். பெயின்டரின் மனைவிக்கு அதுதான் இன்னும் சுருக்கென்று தைத்தது.

கேட்டதிலும் தப்பில்லை. முதியோர் இல்லத்துச் சாப்பாட்டுக் கூடத்தின் சுவர் பார்க்கிற மாதிரியா இருந்தது? ஒரு இடத்தில் அடர்த்தி, ஒரு இடத்தில் வெளுப்பு. மேலிருந்து கீழ் வரைக்கும் பெயின்ட் வழிந்து கோடு கோடாய்க் காய்ந்திருந்தது. முப்பது வருஷம் பிரஷ் பிடித்த கை அடித்தது என்று சத்தியம் பண்ணினாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

எட்டுப் பேர், பத்து நாள் ஊழியப் பயணம். அதில் பெயின்டருக்கு இடம் கிடைத்ததே அவர் மனைவி பாஸ்டர் வீட்டுக்கு நடையாய் நடந்ததால்தான். "எங்க வீட்டுக்காரர் கை வச்சா சுவர் கண்ணாடியா மின்னும் பாஸ்டர். அவர் பெயின்ட் அடிக்கட்டும், நான் சமையல்ல கூடமாட இருக்கேன்" என்று சொல்லிச் சொல்லி வாங்கிய இடம்.

வந்த மறுநாளே மனுஷர் முரண்டு பிடித்தார்.

"வேற வேலை குடுங்க பிரதர். தோட்டம் கொத்தறேன், கக்கூஸ் கழுவறேன். இது மட்டும் வேண்டாமே."

"நல்லா இருக்கே! பெயின்ட் அடிக்கத்தானே உங்களைச் சேர்த்தோம்? 'முன்னால', 'பின்னால'ன்னு ரெண்டு போட்டோ, ஞாயித்துக்கிழமை சபையில திரை போட்டுக் காட்டணும்."

பெயின்டர் வேலையில் இறங்கினார். மூன்று நாள் பட்டி பார்த்தார். ஒரு நாள் முழுக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். அதுவரை எல்லாம் சரி. பெயின்ட் டப்பாவைத் திறந்ததும்தான் என்ன ஆனதோ, தாராளமாய்த் தண்ணீரை ஊற்றிக் கலக்கி, கடனே என்று இழுத்து விட்டார். பாதி டப்பாக்களைத் திறக்கவே இல்லை.

"மிச்சத்தையும் அடிக்க வேண்டியதுதானே?"

"இது போதும் பிரதர்."

தலைவர் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தார். தூரத்தில் நின்று எடுத்தார். விளக்கை அணைத்துவிட்டும் எடுத்துப் பார்த்தார். ஒன்றும் தேறவில்லை.

"அடுத்த தடவை ஆளைப் பார்த்துத்தான் சேர்க்கணும்" என்று கூட வந்த டாக்டரிடம் சொன்னார், பெயின்டரின் மனைவி காதில் நன்றாய் விழுகிற மாதிரி.

அவளுக்கு மானமே போய்விட்டது.

"என்னங்க, உடம்பு கிடம்பு சரியில்லையா? ஊருக்குப் போய் எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டு நான் சபையில உக்காருவேன்?"

"எப்பவும் போல முன் வரிசையிலேயே உக்காரு" என்றார் பெயின்டர், சட்டையை மடித்தபடி.

அதன்பிறகு இரண்டு நாள் அவள் அவருக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை.

புறப்படும் நாள் காலை. வேன் வாசலில் நின்றது. முதியவர்களிடம் சொல்லிக்கொள்ளக் கூடத்துக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். ஏணி மேல் யாரோ ஒரு ஆள். திறக்காத அந்த டப்பாக்களில் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, அவள் புருஷன் அடித்த சுவரின் மேலேயே புதிதாய் அடித்துக்கொண்டிருந்தான்.

அவள் விறுவிறுவென்று வேனுக்குத் திரும்பினாள். நாம் ஊர் எல்லையைத் தாண்டும் வரைக்கும்கூட இவர்களுக்குப் பொறுக்கவில்லையா?

இல்லத் தலைவி பின்னாலேயே ஓடி வந்து, கையைப் பிடித்துக்கொண்டு அவர்கள் பாஷையில் மடமடவென்று பேசினார். பிழைப்புக்கு வந்து அந்த ஊரிலேயே தங்கிவிட்ட நம்மாள்தான் வேன் டிரைவர். அவர் தமிழில் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மாங்கிறாங்க. வருஷா வருஷம் அந்த ஆளுதான் இங்க பெயின்ட் அடிப்பாராம். அவர் குடும்பம் இந்த வேலையைத்தான் நம்பி இருக்காம். இந்தத் தடவை நீங்க சும்மாவே அடிச்சுத் தர்றீங்கன்னு அவரை வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க. உங்க வீட்டுக்காரர்கிட்டகூட முதல் நாளே இதைச் சொன்னாங்க. 'இதுக்கு முன்னால அடிச்சது யாரு'ன்னு அவர்தான் என்னை விட்டுக் கேட்டார். இப்ப சுவர் இப்படி ஆயிட்டதால, மறுபடி அந்த ஆளையே கூப்பிடும்படி ஆயிடுச்சாம்."

அவள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். மனுஷர் தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாதவர் மாதிரி பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

அதற்குள் ஏணி ஆள் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தான். நேராய்ப் பெயின்டரிடம் போய், அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னான்.

"என்னவாம்? திட்டறானா?" என்று வேனுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார் குழுத் தலைவர்.

டிரைவர் சிரித்தார்.

"இல்லைங்க. 'அடியில பட்டி ஒரு குறை இல்லாம இருக்கு, தரையில ஒரு சொட்டுகூடச் சிந்தல. மேல ஒரு கோட்டிங் குடுத்தா வேலை முடிஞ்சுது. ஒரு சுவரை இவ்வளவு நேர்த்தியா கெடுக்கணும்னா, நல்லாத் தொழில் தெரிஞ்ச கை வேணும்'ங்கிறார்."