பந்தயத் தடத்தில் தண்ணீர்

"இனி உனக்கு பைக் வேணாம் மச்சான், தோணிதான் வேணும்" என்றான் மெக்கானிக் துசாந்.

றிபாத்துக்குச் சிரிப்பு வரவில்லை. மாவடிப்பள்ளியில் அறுவடை முடிந்த அந்த வயலில், ஒரு மாதமாக பைக் ஓட்டி ஓட்டி அவன் உண்டாக்கிய நீள்வட்டத் தடம் முழுக்கக் கணுக்கால் அளவு தண்ணீர்.

"வாய்க்கால் உடைஞ்சிட்டோ?"

"உடையல்ல. மம்பட்டியால வெட்டி உட்டிருக்கு. வெட்டு எவ்வளவு நேரா இருக்கு பாரு."

வயல் றிபாத்தின் மாமி ஹாஜறாவுடையது. அவரைக் கேட்காமல் அதில் யார் மம்பட்டி வைப்பார்கள்?

வருகிற ஞாயிற்றுக்கிழமை தெரிவுப் போட்டி. தேறினால் கொழும்புக் குழு இன்னும் ஒரு வருடத்துக்கு அவனைப் பந்தய ஓட்டுநராக வைத்திருக்கும். தவறினால் பைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். எட்டு வருடத் தொழில் அதோடு முடிந்தது.

போதாததற்கு, யாரிடமும் சொல்லாத பயம் ஒன்றும் இருந்தது. மண் தடப் பந்தயத்துக்கென்றே செய்த அந்தப் பைக்குக்கு பிரேக் கிடையாது. வளைவில் இடப்பக்கம் சாய்ந்து, சறுக்கித்தான் திரும்ப வேண்டும். போன வருடம் இறுகிய தரையில் விழுந்து தோள் முறிந்ததிலிருந்து, வளைவு வந்தால் அவன் உடம்பு தானாக நிமிர்ந்துவிடுகிறது.

கோபத்தோடு வீட்டுக்கு வந்தான். கலியாணம் முடித்த நாளிலிருந்து மாமியின் வீடுதான் அவனுக்கும் வீடு. ஊர் வழக்கம் அது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மாமி ஒரே பேச்சைப் பேசுவதும் வழக்கமாகியிருந்தது.

"எங்கட மருமகன் சும்மா சுத்துறாரு. செக்கு மாடு சுத்தினாலும் எண்ணெய் வரும்!"

மாமி குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"மாமி, வயலுக்குத் தண்ணி கட்டினது நீங்களா?"

"ஓம்."

தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"விருப்பமில்லாட்டி என்னோட கதைச்சிருக்கலாமே. ஆறு நாளில போட்டி. என்ட தொழிலையே தண்ணிக்குள்ள தாட்டுட்டீங்களே!"

மனைவி பாஹிமா ஓடி வந்தாள்.

"உம்மா, பைக் ஓட்டினது போதும் எண்டு நீங்க சொன்னது சரி. அதுக்காக இப்பிடியா செய்ற?"

"போதும் எண்டுதான் இப்பவும் சொல்றன். உன்ட மாப்பிள்ளை கேக்குறாரா?" மாமி கத்தியைக் கழுவி வைத்தார். "கேக்காத மனிசன என்ன செய்ற?"

"அதுக்குத்தான் இந்தப் பழிவாங்கலா?" என்றான் றிபாத்.

"நில்லுங்க மகன். நாளைக்குக் காலையில தண்ணிய வடிய உட்டிருவன். இந்த வெயிலுக்கு, வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பொறகு போய்ப் பாருங்க. மண் இளகி மெத்த மாதிரிக் கிடக்கும்."

றிபாத் விழித்தான்.

"மூணு கிழமையா தென்னைக்குப் பின்னால நின்டு பாத்துட்டுத்தான் வாறன். வளைவு வந்தா நிமிந்துர்றீங்க. கல்லு மாதிரித் தரையில யாருக்குத்தான் சாய மனசு வரும்?"



மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மீன் சட்டியைத் தூக்கினார்.

"இனி உழுந்தாலும் முறியாது. பயப்புடாம நல்லாச் சாஞ்சு ஓட்டுங்க!"