பஸ் டிப்போ காலேஜ்

"பஸ் டிப்போவுக்குப் பின்னாடி இருக்கே, அந்தக் காலேஜா?" போனில் அவன் சிரித்தான். "நான் படிச்ச காலேஜ் எங்க, அது எங்க! வெளியில சொன்னா மானம் போயிடும்."

"போனா போகட்டும். நானா பார்த்துப் பிடிச்ச காலேஜ். நான் பெருமையாத்தான் சொல்லுவேன்." சாப்பாட்டு மேஜையில் மற்ற மூன்று நாற்காலிகளும் காலியாக இருந்தன. அவள் விண்ணப்பத்தை நீவி விட்டுக்கொண்டாள்.

"அப்படி என்னதான் இருக்கு அங்க?"

"மத்தியானம் பக்கத்துல உக்காந்து சாப்பிட நாலு பேர் இருக்காங்க."

மறுமுனையில் அவன் கீபோர்டு தட்டும் சத்தம் நின்றது.

"ஃபார்ம்ல கார்டியன் கையெழுத்து இல்லாம வாங்க மாட்டாங்களாம். நேர்ல வந்து போடணும்."

"நானா? இங்க வேலை தலைக்கு மேல கிடக்கு."

"ஒரே ஒரு நாள் வந்துட்டுப் போடா. பன்னிரண்டு வருஷம் உன் ரேங்க் கார்டுல அம்மா நான் போடலையா?"