லோர்னாவுக்கு ஏற்ற துப்பாக்கி

“வீட்டுக்கும் காவலா இருக்கணும், ஞாயித்துக்கிழமை மைதானத்துல பறக்கவிடுற களிமண் தட்டுகளக் குறிபார்த்துச் சுடவும் உதவணும். எனக்குத் துப்பாக்கியப் பத்தி ஒண்ணுமே தெரியாது வெண்டல், நீங்கதான் சொல்லணும்” என்றாள் லோர்னா.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், அந்தச் சிற்றூரின் துப்பாக்கிக் கடையில் அவள் இதைச் சொல்வது நான்காவது சனிக்கிழமை. அவள் கணவன் இறந்து ஆறு வருடமாயிற்று. கடைக்காரன் வெண்டலுக்கு நாற்பத்தெட்டு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை.

“இதப் பாருங்க. ரெண்டு குழல் வரும். குட்டைய மாட்டினா வீட்டுக்கு, நீளத்த மாட்டினா தட்டுக்கு.”

அவள் வாங்கினாள். முனையைத் தரைப்பக்கம் தாழ்த்தி, திறந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, “கனமா இருக்கே” என்று திருப்பிக் கொடுத்தாள்.

“போன வாரம் காட்டினத ரொம்ப லேசா இருக்குன்னீங்க!”

“லேசா இருந்தா சுடும்போது தோள்ல இடிக்கும்ல?”

வெண்டலின் காது சிவந்தது. “நாளைக்கு மைதானத்துக்கு வாங்களேன். நானே சொல்லித் தர்றேன்.”

மறுநாள் இருபத்தைந்து தட்டுகள் பறந்தன. இருபத்தைந்தையும் லோர்னா பொடிப்பொடியாக்கினாள்.

“தட்டு மேல கிளம்பினதும் கை சும்மா இருக்கல” என்று அசடு வழிந்தாள். “வீட்ல மூணு துப்பாக்கி இருக்கு.”

“முதல் நாளே தெரியும். கையில குடுத்ததுமே திறந்து, தோட்டா இருக்கான்னு பார்த்தீங்களே! புதுசா வர்றவங்க அப்படிப் பார்க்க மாட்டாங்க.”

“தெரிஞ்சுமா நாலு வாரம் பாடம் எடுத்தீங்க?”

“பின்னே? உங்களுக்கு ஏத்தது முதல் நாளே என் அலமாரியில இருந்துச்சு. அத எடுத்துக் காட்டியிருந்தா, ரெண்டாவது சனிக்கிழமை வந்திருப்பீங்களா?”