சுட்டவனே சாட்சி

"வெக்கமா இல்லையாண்ணே உனக்கு?"

டவுன் ஹால் வாசலில் பாவோராவை மடக்கினாள் தங்கை மெரியானா.

"உன் நிலத்துல மாடு மேய்க்கிறவனுக்குப் பதக்கம் வாங்கித் தர, நீ போய் சாட்சி சொல்லப் போறியாமே! நம்ம மாவோரி ஜனமே காறித் துப்புது."

"பாவம், ஆசைப்படுறார். விடும்மா."

வெள்ளைக்காரர்களோடு மாவோரிகள் போட்ட சண்டை முடிந்ததும், 'பாவோரா என்னைச் சுட்டான்' என்று புகார் கொடுத்தவர், இப்போது பதக்கம் கேட்கும் வெள்ளைக்காரர் பிளாம்லிதான். ராணியை எதிர்த்த கலகக்காரன் என்று பாவோராவின் ஆற்றங்கரை நிலத்தைப் பறித்து, தொண்டர் படை வீரர் என்று பிளாம்லிக்கே கொடுத்தார்கள்.

அடுத்தது பதக்கம். அதற்கு எதிரி ஒரு தடவையாவது அவரை நோக்கிச் சுட்டிருக்க வேண்டுமாம். கூட இருந்தவர்களைக் கேட்டால், "யாரு, பிளாம்லியா? சண்டைன்னா அவருக்கு வயிறு கலக்குமே!" என்று சிரித்தார்கள். மிச்சமிருந்த ஒரே சாட்சி, சுட்டவன்.

மாஜிஸ்திரேட் டிரஸ்கட் தொண்டையைக் கனைத்தார். பதக்கம் கொடுப்பதும் அவர்தான், நில வழக்கைத் தீர்ப்பதும் அவர்தான். பாவோராவும் பிளாம்லியும் பைபிளில் கை வைத்துச் சத்தியம் செய்தார்கள்.

"ம்ஹ்ம்... நீ இவரைச் சுட்டியா?"

"சுட்டேன் ஐயா."

"பார்த்தீங்களா! பார்த்தீங்களா!" பிளாம்லி துள்ளினார்.

"உன்னை நோக்கி முன்னேறி வந்தாரா?"

"வேகமாத்தான் ஓடினார். முதுகுதான் தெரிஞ்சுது."

ஹாலில் சிரிப்பு.

"ம்ஹ்ம்... சீருடையில இருந்தாரா?"

"கோட்டு இருந்துச்சு. என் பன்றி மேல போர்த்தியிருந்தார்."

"பன்றியா?"

"என் பட்டியில இருந்து தூக்கிட்டு ஓடினார். அதனாலதான் சுட்டேன். நான் சுட்டது அந்த ஒரு குண்டுதான் ஐயா."

"நீதான் குறி தவறாதவனாச்சே. எப்படித் தவறுச்சு?"

"பன்றி மேல பட்டுட்டா?"

கூரை அதிரச் சிரித்தார்கள். டிரஸ்கட் மேசையைத் தட்டினார்.

"மிஸ்டர் பிளாம்லி, இவன் சொல்றது உண்மையா?"

"அத்தனையும் உண்மை பிரபு! பட்டாளத்துக்காரனுக்குப் பசிக்காதா? அவன் சுட்டது இந்த ஒரு குண்டுதான். காதை உரசிட்டுப் போச்சு! பைபிள் மேல சொல்றேன்!"

எதற்காகச் சுட்டார்கள் என்று விதியில் கேட்கவில்லை. டிரஸ்கட் பதக்கத்தைக் குத்திவிட்டார். பிளாம்லியின் நெஞ்சு தொப்பையைத் தாண்டி வந்தது.

"தம்பி பாவோரா, இந்த உதவியை மறக்கவே மாட்டேன்!"

"அதுதான் வேணும்" என்ற பாவோரா, மாஜிஸ்திரேட்டின் பக்கம் திரும்பினான்.

"ஐயா, நான் சுட்டதே ஒரு குண்டு. அதுவும் பன்றித் திருடனை. அவரே சத்தியம் பண்ணிட்டார். அப்போ நான் எப்படி ராணியை எதிர்த்த கலகக்காரன்? என் நிலத்தை எப்பத் திருப்பித் தரீங்க?"

பிளாம்லியின் கை அவசர அவசரமாகப் பதக்கத்தைக் கழற்றப் போனது.

"அது இருக்கட்டும் ஐயா, உங்களுக்கு எடுப்பா இருக்கு" என்றான் பாவோரா. "மாட்டை மட்டும் ஓட்டிக்கிட்டுப் போயிடுங்க."