வெர்னா போட்ட கூச்சல்

"தூக்குங்கய்யா அவனை! இவன் போடுற பந்தை எங்க வீட்டுப் பூனை இதைவிட நல்லா போடும்!"

கத்தியது எதிரணிக்காரர் இல்லை. நம்ம வெர்னா.

அதுதான் யாருக்கும் பொறுக்கவில்லை. மைதானத்தின் நடுவே பந்து வீசத் திணறிக்கொண்டிருந்த வெஸ்லி, வெர்னாவின் வீட்டில்தான் தங்கியிருக்கிறான். வெளியூரிலிருந்து வரும் ஆட்டக்காரர்களுக்கு சீசன் முடியும்வரை ஆளுக்கொரு வீட்டில் இடம் கொடுப்பது எங்கள் ஊர் பேஸ்பால் அணியின் வழக்கம். காலையில் பான்கேக் சுட்டுப் போட்டுவிட்டு, மத்தியானம் ஊர் நடுவே இப்படி மானத்தை வாங்கினால்?

வெர்னா பள்ளி பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற பெண்மணி. குரலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

முன்வரிசையில் ஆர்லோவும் கஸ்ஸும் ஏற்கெனவே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் தலையிலும் முடி இல்லாததால் குடுமிப்பிடிச் சண்டை என்று சொல்ல முடியாது. முப்பது வருடமாக ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சண்டைதான். 'நீ சொன்னது சரி' என்று ஒருவர் வாயிலிருந்தும் இதுவரை வந்ததில்லை.

"முழங்கை போச்சுய்யா! ஒவ்வொரு பந்துக்கும் கையை உதறுறான் பாரு," என்றார் ஆர்லோ.

"முழங்கையும் இல்ல, முழங்காலும் இல்ல. காதல்! ஐஸ்கிரீம் விக்கிற பொண்ணு மேல கண்ணு. புத்தி இங்க இல்ல," என்றார் கஸ்.

"ஜூன் மாசம் இவன் பந்தை ஒருத்தன் தொட முடிஞ்சுதா?"

"ஜூன்ல அந்தப் பொண்ணு வேலைக்கே சேரலையே!"

"நான் அடிச்சுச் சொல்றேன் கஸ், அது முழங்…"

"தூக்குங்க அவனை! என் கண்ணுல காட்டாதீங்க!" வெர்னாவின் கூச்சலில் ஆர்லோவின் பேச்சு காணாமல் போனது.

கஸ் ஆர்லோவின் தொடையில் தட்டினார். "மெதுவா பேசு. கீழ கோச் இருக்கார்."

கோச் பர்டிக்கின் பெஞ்ச் அவர்களுக்கு நேர் கீழே. போன மாதம் இடக்கையால் பந்து வீசும் ஒரு பையன் தோள் வலிக்கிறது என்று அவரிடம் வாய்விட்டுச் சொன்னான். பொழுது சாய்வதற்குள் அவன் கையில் ஊர் திரும்ப பஸ் டிக்கெட். சின்ன அணி, அடிபட்டவனை வைத்துப் பார்க்க வசதியில்லை. வெஸ்லிக்கும் அதே கதி வந்தால் வேறு எந்த அணியும் அவனைத் திரும்பிப் பார்க்காது.

ஆனால் ஆர்லோவுக்கு வாதம் என்று வந்துவிட்டால் காது கேட்காது. "உள்ளதைத்தானே சொல்றேன்? முழங்கை வீங்கி…"

"இவனுக்கு எதுக்குய்யா சட்டையும் தொப்பியும்! தண்டம்! தண்டம்!"

ஆர்லோ திரும்பினார். "ஏம்மா வெர்னா, உனக்கே நல்லா இருக்கா? பெத்த பிள்ளை மாதிரின்னு சர்ச்சுல எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டியே?"

"பெத்த பிள்ளையா இருந்தாலும் தண்டம்னா தண்டம்தான்!"

வெஸ்லியின் அடுத்த பந்து தரையில் குத்தி எங்கேயோ ஓடியது. இப்போது வெர்னாவோடு மொத்த வரிசையும் சேர்ந்துகொண்டது. "தூக்கு! தூக்கு!"

பர்டிக் முகம் சிவக்க எழுந்துபோய்க் கையை நீட்டினார். வெஸ்லி பந்தைக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்தபடி பெஞ்சுக்கு வந்தான். வெர்னா சத்தமில்லாமல் உட்கார்ந்தார்.

பக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். நானும்தான்.

ஆட்டம் தோல்வியில் முடிந்தது. பையனுக்கு இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லலாம் என்று ஆர்லோ கார் நிறுத்துமிடத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

வெர்னாவின் காரில் வெஸ்லி உட்கார்ந்திருந்தான். வலது கை மடியில் கிடந்தது. வெர்னா குனிந்து அவனுக்கு சீட் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தார்.

ஆர்லோ வாயைத் திறப்பதற்குள் வெர்னா முந்திக்கொண்டார். குரல் கிசுகிசுப்பாக இருந்தது. அவருக்கு அப்படியும் ஒரு குரல் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"காலையில சட்டைப் பித்தான்கூட நான்தான் போட்டுவிட்டேன். 'நானா வெளிய வரமாட்டேன், வலின்னு சொன்னா அனுப்பிடுவாங்க'ன்னு அழறான். சரி, நான் வரவைக்கிறேன்னு சொன்னேன். மோசமா ஆடினவனை ரெண்டு ஆட்டம் உட்கார வெப்பாங்க, அவ்வளவுதான். நாளைக்கே பக்கத்து ஊர் டாக்டர்கிட்ட காட்டிடுவேன். நீ என்னடான்னா கோச் தலைக்கு மேலயே நின்னு முழங்கை முழங்கைன்னு… எத்தனை தடவைதான் நான் கத்தி மறைக்கிறது?"



"ஆர்லோ!" பின்னாலிருந்து குரல். கோச் பர்டிக். கூடவே கஸ்ஸும் வந்துகொண்டிருந்தார்.

"மேல உட்கார்ந்து முழங்கைன்னு ஏதோ சொல்லிக்கிட்டிருந்தீங்களே? பையன் கையில ஏதாவது கோளாறா? மழுப்பாம சொல்லுங்க."

காருக்குள் வெஸ்லி அசையவில்லை. வெர்னா கதவைப் பிடித்தபடி நின்றார்.

ஆர்லோ தொண்டையைச் செருமிக்கொண்டார். முப்பது வருடத்தில் முதல்முறையாகத் தான் சொன்னதுதான் சரி என்று கண்ணால் பார்த்துவிட்டு நிற்கிறார். எதிரே கஸ்.

"கோளாறா? சேச்சே. எல்லாம் அந்த ஐஸ்கிரீம் பொண்ணு மேல காதல். கஸ் சொன்னதுதான் சரி கோச். நான்தான் தப்பு."