தனி டம்ளர்

அஸ்தினாபுரத்தில் காலையிலிருந்து ஏறிய மூன்றாவது வீடு. இங்கேயும் ஞானசேகரனுக்குத் தனி டம்ளரில்தான் காபி வந்தது.

"எல்லாரும் குடிக்கிற டம்ளர்லயே குடுங்கம்மா."

"அது எப்படிங்க? இது உங்களுக்குன்னே தனியா வெச்சது. நாங்க யாரும் தொடமாட்டோம்," என்றாள் குணசீலி.

அலுத்துப்போய்விட்டது அவருக்கு. "போன ஞாயித்துக்கிழமை கோயில்ல நான் என்ன பிரசங்கம் பண்ணேன்?"

"எருசலேம்ல அடுப்புப் பானைகூடப் பரிசுத்தமாகும்னு சகரியா தீர்க்கதரிசி சொன்னதை, பாஸ்டர்."

"கேட்டும் இப்படியா?" வெள்ளி டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, ஜன்னலில் தனியே கவிழ்த்திருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்தார்.

குணசீலி பதறிப்போனாள். "ஐயோ, அது வேண்டாம் பாஸ்டர். வேலைக்கு வர்ற காந்தாவுக்குன்னு தனியா வெச்சது. நாங்க யாரும் தொடமாட்டோம்."

"இதையேதாம்மா எனக்கும் சொன்னீங்க," என்று டம்ளரை நீட்டினார். "ஊத்துங்க."